வலி தணிந்த இடத்தில் நமைச்சல்

வலி என்றால் என்னவென்று கோலார் தங்கவயல் மக்களுக்கு எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலைக் கையில் எடுத்தபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் குடும்பங் குடும்பமாகச் சென்று குடியேறிய தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கு அடியில் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் முடிவில் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. அந்த ஆழத்தில் பாறையே தொட்டால் சுடும். மேலுள்ள நிலத்தின் பாரந் தாங்காமல் பாறை திடீரென்று தானே வெடித்துச் சிதறுவதும் உண்டு. கால் நசுங்கியவரும், இடுப்பு முறிந்தவரும், தூசி படிந்து நுரையீரல் கெட்டவரும் இல்லாத வரிசை வீடுகள் அங்கே குறைவு.

சுரங்கக் கம்பெனிகள் தொழிலாளருக்காக ஓர் ஆஸ்பத்திரி நடத்தின. தங்கவயலைச் சேர்ந்த முதியோர் இன்றும் அதைப் பெருமையோடு பேசுவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபின் அந்த ஆஸ்பத்திரியும் பாழடைந்தது. 2021இல் கொரோனாத் தொற்று பரவியபோது தொண்டர்கள் கூடித் துப்புரவு செய்து மீண்டும் அங்கே கட்டில்களை இட்டார்கள். அந்தப் பழைய நாளில், எந்த ஆஸ்பத்திரியாயினும், எலும்பு முறிந்து வந்தவனின் கடும் வலிக்கு மார்ஃபீன் ஊசியே கதி. அபினியிலிருந்து பிரித்தெடுக்கும் அந்த மருந்தைத் தோலுக்கு அடியில் ஏற்றுவார்கள். அது வலியோடு நினைவையும் சேர்த்து மழுக்கும். கூடினால் மூச்சையும் அடக்கும்.

அதே மார்ஃபீனை இன்று முதுகந்தண்டின் வழியே, கடுகளவு, செலுத்துகிறார்கள். நினைவு தெளிவாக இருக்க, வலி மட்டும் ஒரு நாள் வரை அடங்கிக் கிடக்கிறது. அதற்கு ஈடாக உடம்பு ஒரு சிறு வரி கேட்கிறது. அதுவே நமைச்சல். இந்த நமைச்சலின் வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் புகுகிறேன். அதை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் நானே செய்த ஒரு பிழை.

தங்கவயலில் பிறந்து, மணமாகி வடமாநிலம் ஒன்றில் வாழும் என் உறவினப் பெண்ணுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் சிசேரியன் முறையில் குழந்தை பிறந்தது. பேத்திக்குத் துணையாகத் தங்கவயலிலிருந்து பாட்டி சென்றிருந்தார். நந்திதுர்க்கம் சுரங்கத்தில் வேலை பார்த்தவரின் மனைவி அவர், தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுவார், இந்தி அறியார். அறுவை முடிந்த சில மணி நேரத்தில் பேத்தி மூக்கைச் சொறியத் தொடங்கினாள். பின்பு முகம், கழுத்து, மார்பு எங்கும் நமைச்சல். தோலில் தடிப்பு இல்லை, சிவப்பும் இல்லை. பாட்டி பையிலிருந்த வேப்பிலையை எடுத்துத் தடவிப் பார்த்தார், பயனில்லை. நர்ஸிடம் சொல்ல மொழியில்லாமல் எனக்குப் போன் செய்து, “மருந்து புள்ளைக்கு ஒத்துக்கலைப்பா, இனிமே போட வேணாம்னு சொல்லு” என்றார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் நான். இருபது ஆண்டுகளாகச் சுற்றறிக்கைகளையும் அறிக்கைகளையும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றிப் பழகிய கை. கணமும் யோசியாமல் “அந்தப் பெண்ணுக்கு மார்ஃபீன் அலர்ஜி” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டேன். நோயாளியின் தாளில் அது சிவப்பு மையில் ஏறிற்று. ஒத்துக்கொள்ளாமை வேறு, ஒவ்வாமை வேறு என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. அதன்பின் அப்பெண்ணுக்கு மார்ஃபீன் இனத்து மருந்து எதையும் கொடுக்கவில்லை. காய்ச்சல் மாத்திரையைக் கொண்டே மூன்று நாள் வலியைத் தாங்கினாள். குழந்தைக்குப் பாலூட்டத் திரும்பிப் படுக்கவும் முடியாமல் அழுதாள் என்று பாட்டி பின்னர் சொன்னார்.

தமிழில் இந்த உணர்வுக்குச் சொற்கள் பல. அரிப்பு என்கிறோம், நமைச்சல் என்கிறோம், ஊறல் என்கிறோம். தோள் போருக்குத் துடித்தால் அதைத் தினவு என்கிறோம். தோலின் மேல் காரணம் ஒன்று இருக்கையில் அரிப்பு என்பதும், காரணந் தெரியாமல் உள்ளிருந்து எழுவதை நமைச்சல் என்பதும் பொருத்தமென்று எனக்குப் படுகிறது. இலக்கணம் இப்படிப் பிரிக்கவில்லை. இது என் சொந்தத் தீர்ப்பே. இந்தக் கட்டுரைக்கு அது உதவும்.

ஏனெனில், சுரங்கத்தின் பழைய மருத்துவத்தில் அரிப்பு என்றால் தோலைப் பார் என்பதே பாடம். அந்தப் பாடம் பிழையானதுமன்று. வெப்பமும் ஈரமும் மிகுந்த சுரங்கங்களில் கொக்கிப்புழு தொழிலாளரின் இரத்தத்தை உறிஞ்சிச் சோகை நோயைத் தந்தது. அது வாய்வழியே செல்கிறதென்றே வெகுகாலம் நம்பினார்கள். 1898 அளவில் கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், புழுவின் குஞ்சுகள் மிதந்த நீர்த்துளி ஒன்று தம் கைமேல் விழுந்ததையும், அவ்விடம் சிவந்து அரித்ததையும் கண்டார். புழு தோலைத் துளைத்தே உள்ளே செல்கிறது என்பது அந்த அரிப்பிலிருந்து தெரியவந்தது. 1902இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள டோல்கோத் சுரங்கத்தில் சோகை நோய் பரவியிருந்ததை ஹால்டேன் என்னும் அறிஞர் ஆராய்ந்து, கொக்கிப்புழுவே காரணம் என்று காட்டினார். தங்கவயலுக்கு மேற்பார்வைக்கு வந்த வெள்ளையரில் பெரும் பகுதியினர் அந்தக் கார்ன்வால் நாட்டவரே. அதே 1902இல் பென்ட்லி என்னும் மருத்துவர், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பாதங்களில் மழைக்காலத்தில் தோன்றும் அரிப்புப் புண்ணுக்கும் இப்புழுவே மூலம் என்று எழுதினார். அரிப்பு என்பது வாசலில் நிற்கும் காவலாளியின் கூக்குரல் போன்றது. திருடன் தோலில் நுழைகிறான் என்று அது சொல்கிறது.

இந்தப் பாடத்தில் ஊறிய மருத்துவ உலகுக்கு, தோலில் ஒன்றுமே இல்லாமல் எழும் நமைச்சல் புதிராகத்தான் இருந்தது. புதிரின் தொடக்கம் முதுகந்தண்டுக்குள் முதன்முதலாக மருந்தைச் செலுத்திய நாளில் இருக்கிறது.

1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜெர்மனியின் கீல் நகரில், ஆகஸ்ட் பீர் என்னும் அறுவை மருத்துவர், கணுக்காலில் காசநோய் கண்ட ஒரு கூலித் தொழிலாளியின் முதுகந்தண்டு நீரில் சிறிது கொக்கேயினைச் செலுத்தி, அவன் விழித்திருக்கும்போதே வலியின்றி அறுவை செய்தார். அத்துடன் அவர் நிற்கவில்லை. சில நாட்கள் சென்று தம் மீதே சோதிக்கத் துணிந்தார். ஊசியும் குழலும் ஒன்றோடொன்று பொருந்தாமல் அவருடைய முதுகந்தண்டு நீர் வீணே ஒழுகிற்று. உடனே உதவியாளர் ஹில்டபிராண்ட் முன்வந்தார். அவருக்கு மருந்து ஏறியது. பீர் அவருடைய முழங்காலின் கீழ் எலும்பில் இரும்புச் சுத்தியால் அடித்தார், எரியும் சுருட்டை வைத்தார், மயிரைப் பிடுங்கினார். ஹில்டபிராண்ட் ஒன்றையும் உணரவில்லை. அன்றிரவு இருவரும் திராட்சை மதுவும் சுருட்டுமாகக் கொண்டாடினர். மறுநாள் முதல் பீர் தலைவலியால் படுத்த படுக்கையானார். உதவியாளரின் கால்களோ வீங்கிப் புண்ணாகிக் கிடந்தன. விஞ்ஞான வரலாற்றில் உதவியாளர்களின் கால்களுக்குத் தனியாக ஓர் அத்தியாயம் எழுதலாம்.

கொக்கேயின் மரத்துப் போகச் செய்யும் மருந்து. அது நரம்பின் எல்லாச் செய்திகளையும் ஒருசேர நிறுத்துகிறது. வலியும் போகும், தொடு உணர்வும் போகும், கால் அசையவும் அசையாது. மருந்தின் வேகம் தணிந்ததும் எல்லாம் ஒன்றாகத் திரும்பும், வலியும் கூடவே. மார்ஃபீன் அவ்வாறன்று. 1901ஆம் ஆண்டில் ருமேனியாவின் ரகோவிச்சியானு பிட்டெஷ்ட்டி என்பவர், கொக்கேயினோடு மார்ஃபீனையும் கலந்து முதுகந்தண்டில் செலுத்தியதைப் பாரிஸ் மாநகரில் அறிவித்தார். அதே ஆண்டு ஜப்பானில் கித்தகாவா என்பவர் முதுகு வலியால் வருந்தியவர்களுக்கு மார்ஃபீனை அவ்விடத்திலேயே செலுத்தி, வலி நாட்கணக்கில் தணிந்ததை எழுதிவைத்தார். ஆனால் ஏன் தணிந்தது என்று சொல்ல எவராலும் இயலவில்லை. மார்ஃபீன் மூளையில்தான் வேலை செய்கிறதென்று எல்லோரும் நம்பிய காலம் அது. காரணந் தெரியாத நன்மையை நம்ப மருத்துவர்கள் தயங்குவர். அந்த வழி முக்கால் நூற்றாண்டுக்குப் புல் மூடிக் கிடந்தது.

1973ஆம் ஆண்டில் அந்தப் புல் விலகிற்று. பால்டிமோர், நியூயார்க், சுவீடனின் உப்சாலா ஆகிய மூன்று இடங்களில் தனித்தனியே உழைத்தவர்கள், நரம்பணுக்களின் மேல் அபினி இன மருந்துகள் வந்து பொருந்துவதற்கென்றே அமைந்த ஏற்பிகள் உண்டு என்று கண்டார்கள். பூட்டுக்குள் சாவி பொருந்துவது போல் என்று சொல்வது வழக்கம். அந்தப் பூட்டுகள் மூளையில் மட்டுமன்று, முதுகந்தண்டிலும் நிறைந்திருந்தன. அப்படியானால் சாவியை நேரே அங்கே கொண்டு சென்றால் என்ன? 1976இல் யாக்ஷ், ரூடி என்னும் இருவர் எலிகளின் முதுகந்தண்டில் மெல்லிய குழாயைச் செருகி, மிகச் சிறிதளவு மார்ஃபீனே வலியை அடக்கப் போதும் என்று காட்டினர். 1979இல் அமெரிக்காவில் வாங் முதலானோர் புற்றுநோயால் துடித்த எட்டுப் பேருக்கு அரை மில்லிகிராம், ஒரு மில்லிகிராம் அளவில் செலுத்தினார்கள். பலமணி நேரம் வலி அடங்கிற்று, கால்கள் மரக்கவில்லை. அதே ஆண்டு ஜெருசலத்தில் பெஹார் முதலானோர் முதுகந்தண்டு உறைக்கு வெளியே செலுத்தியும் பயன் கண்டார்கள்.

மகிழ்ச்சியில் அளவு மீறியது. தொடக்க ஆண்டுகளில் சிலர் மிகப் பெரிய அளவில் கொடுத்தார்கள். பல மணி நேரம் கழித்து நோயாளியின் மூச்சு மெல்ல அடங்கியதாகச் செய்திகள் வந்தன. அளவு படிப்படியாகக் குறைந்து, இன்று சிசேரியன் செய்துகொண்ட தாய்க்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதல் போதும் என்னும் நிலைக்கு வந்திருக்கிறது. மருந்துக் குப்பியில் கெடாதிருக்கச் சேர்க்கும் இரசாயனம் எதுவும் இருக்கலாகாது என்பதும் அக்காலத்தில் கற்றுக்கொண்ட பாடமே. அத்தகைய தூய மார்ஃபீன் எளிதில் கிடைக்காத நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் ஃபென்டனில், பியூப்ரனார்ஃபீன் போன்ற உறவின மருந்துகளைப் பயன்படுத்துகிறார்கள்.

இவற்றுக்கிடையே நமைச்சலும் நூல்களில் இடம்பெறத் தொடங்கிற்று. முதுகந்தண்டு வழியே அபினி இன மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு வருகிறது என்று ஓர் ஆய்வு சொன்னால், ஏறத்தாழ அனைவருக்கும் வருகிறது என்று இன்னோர் ஆய்வு சொல்லும். கருவுற்ற பெண்களுக்கே மிகுதி என்பதில் எல்லோரும் உடன்படுகிறார்கள். மூக்கு, முகம், கழுத்து, மேல்மார்பு என்பது அதன் பாதை. ஃபென்டனில் தரும் நமைச்சல் சில மணி நேரத்தில் மறையும். மார்ஃபீன் தருவது நீளும்.

மருத்துவர்கள் முதலில் செய்தது எதிர்பார்க்கத்தக்கதே. தோலைப் பார்த்தார்கள். மார்ஃபீன் இரத்தத்தில் ஏறினால் தோலிலுள்ள சில அணுக்களிலிருந்து ஹிஸ்டமின் என்னும் பொருள் கசிந்து தடிப்பும் அரிப்பும் உண்டாவது அவர்கள் அறிந்த செய்தி. ஆகையால் சளிக்கும் தடிப்புக்கும் கொடுக்கும் ஹிஸ்டமின் எதிர்ப்பு ஊசியையே போட்டார்கள். நோயாளி தூங்கினார், விழித்ததும் மறுபடி சொறிந்தார். தூக்கம் வந்ததால் நமைச்சல் தெரியவில்லையே தவிர, நமைச்சல் போகவில்லை. ஐயம் எழவேண்டிய இடங்கள் வேறும் இருந்தன. ஃபென்டனில் ஹிஸ்டமினைக் கசியவிடுவதில்லை. ஆயினும் முதுகந்தண்டில் ஏறினால் அதுவும் நமைச்சல் தருகிறது. தடிப்போ ஒரு புள்ளியும் இல்லை. மேலும், இத்துணைச் சிறிய அளவு மருந்து இரத்தத்தில் கலந்து தோலைக் கலக்குவது நடவாத காரியம்.

1948ஆம் ஆண்டிலேயே கோனிக்ஸ்டைன் என்பவர் பூனைகளின் பின்தலைக்கு அடியிலுள்ள நீரறையில் மார்ஃபீனைச் செலுத்தி, அவை ஓயாமல் சொறிந்துகொள்வதைக் கண்டு எழுதியிருந்தார். தோலைத் தொடாமலே நமைச்சலை உண்டாக்கலாம் என்பதற்கு அது போதிய சான்று. ஆனால் முதுகந்தண்டில் மருந்து செலுத்தும் வழக்கமே மறந்துபோயிருந்த அந்த நாளில், பூனையின் சாட்சியை யார் கேட்பார்கள்?

முகம் ஏன் முதலில் நமைக்கிறது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. மார்ஃபீன் நீரில் எளிதில் கரைவது. கொழுப்பில் கரைவது அரிது. ஆதலால் ஊசி போட்ட இடுப்பிலேயே அது ஒட்டிக்கொள்வதில்லை. முதுகந்தண்டு நீரோடு மெல்ல மேலே ஏறுகிறது. கழுத்தின் மேற்பகுதியில், முகத்தின் உணர்ச்சிகள் வந்து சேரும் நரம்பு மையம் ஒன்று கீழ்நோக்கி நீண்டு கிடக்கிறது. அங்கே முற்சொன்ன ஏற்பிகள் செறிந்துள்ளன. மருந்து அங்கே சென்று தட்டினால் மூக்கு நமைக்கிறது. மூக்கில் ஒன்றுமில்லை. கும்பகோணத்தில் தந்தி அடித்தால் சென்னையில் மணி ஒலிப்பதைப் போன்றது இது.

அங்கே தட்டுவதனால் வலி அடங்க, நமைச்சல் எழுவானேன்? இக்கேள்விக்குச் சென்ற இருபது ஆண்டுகளில் விடைகள் வந்தன. வந்த விடைகள் ஒன்றோடொன்று மோதவும் செய்தன. நமைச்சல் என்பது வலியின் மெலிந்த வடிவமே என்பது பழைய கொள்கை. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சென் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும், முதுகந்தண்டில் நமைச்சலைத் தாங்கிச் செல்லும் தனி ஏற்பி ஒன்று உண்டென எலிகளில் காட்டினர். வலிக்கும் நமைச்சலுக்கும் வெவ்வேறு தடங்கள் உண்டு என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது. 2011இல் அவர்களே, மார்ஃபீன் பொருந்தும் ஏற்பியின் கிளை வடிவம் ஒன்று அந்த நமைச்சல் ஏற்பியோடு கைகோத்து அதைத் தூண்டுகிறதென எழுதினார்கள். அவ்வாறாயின் வலியடக்கும் வேலையையும் நமைச்சல் தரும் வேலையையும் ஒருநாள் பிரித்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

2021இல் பிட்ஸ்பர்க் நகரிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வெளிவந்த ஆய்வுகள் வேறு கதை சொல்லின. முதுகந்தண்டில் நமைச்சலைக் கட்டுக்குள் வைக்கும் அணுக்கள் சில உள்ளன. அவை எந்நேரமும் நமைச்சலின் வாயை மூடிப் பிடித்திருக்கின்றன. மார்ஃபீன் வந்து அந்தக் காவலரை உறங்கச் செய்கிறது. நமைச்சல் வெளியே வந்துவிடுகிறது. நமைச்சலை மார்ஃபீன் தூண்டுவதில்லை, அதன் காவலை நீக்குகிறது என்பது இவர்கள் கட்சி. இரண்டாம் விளக்கத்தின் பக்கமே நான் சாய்கிறேன். அன்றாட வாழ்வும் அதற்குச் சாட்சி சொல்வதுபோல் இருக்கிறது. கொசு கடித்த இடத்தைச் சொறிகிறோமே, அது சிறு வலியை உண்டாக்கி நமைச்சலை அடக்கும் செயலன்றோ? வலி இருக்கும் இடத்தில் நமைச்சல் தலைதூக்குவதில்லை. வலியை நாம் வெளியேற்றினால், அதன் நிழலில் ஒடுங்கியிருந்தது எழுந்து வருகிறது.

காரணம் இவ்வாறு துலங்குவதற்கு முன்பே, படுக்கையருகில் நின்ற மருத்துவர்கள் மருந்தைக் கண்டுவிட்டனர். மருத்துவத்தில் கை முந்துவதும் தலை பிந்துவதும் புதிதன்று. மார்ஃபீனின் பூட்டில் நுழைந்து மார்ஃபீனை வெளியே தள்ளும் நலாக்ஸோன் என்னும் முறிவு மருந்து 1960களின் தொடக்கத்தில் உருவானது. அதைத் துளித்துளியாக இரத்தத்தில் ஏற்றினால் நமைச்சல் நிற்கிறது. சற்றே கூடினாலோ வலியும் திரும்பிவிடுகிறது. கத்தி முனையில் நடப்பது போன்ற சிகிச்சை. அதைவிடப் பொருத்தமானது நால்பூஃபீன். இது ஒரு பூட்டைப் பாதி அடைத்து, வேறொரு பூட்டைத் திறக்கும் இருமுக மருந்து. திறக்கும் பூட்டு வலியடக்கும் வேலையில் ஓரளவு பங்கு கொள்வதோடு நமைச்சலையும் தணிக்கிறது. மூன்று, நான்கு மில்லிகிராம் போதும், வலி திரும்புவதில்லை, சிறிது தூக்கம் வரலாம். 2001இல் பாங்காக் நகரின் மருத்துவர்கள், நமைச்சலால் வருந்திய சிசேரியன் தாய்மாருக்கு இதையும் புரோபோஃபால் என்னும் மயக்க மருந்தின் சிறு அளவையும் கொடுத்து ஒப்பிட்டு, நால்பூஃபீனே மேல் எனக் கண்டார்கள். இம்மருந்து நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கிறது. வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் ஊசியையும் சிலர் முன்கூட்டிப் போடுகிறார்கள். ஆய்வுகள் அதனைப் பற்றி ஒருமனதாக இல்லை. இவை யாவும் மருத்துவர் கையிலிருக்க வேண்டியவை. நாம் கேட்டு வாங்கத் தக்கவையல்ல. எனினும் இப்படி ஒரு வழி உண்டு என்பதை அறிந்திருந்தால், வேப்பிலையோடும் அழுகையோடும் இரவைக் கழிக்கத் தேவையில்லை. நமைக்கிறது என்று சொன்னாலே போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சேரவேண்டும். தோலில் தடிப்பு எழுந்தாலோ, உதடும் கண்ணிமையும் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, அது உண்மையான ஒவ்வாமையாக இருக்கக்கூடும். அப்பொழுது ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. தடிப்பின்றி மூக்கிலும் முகத்திலும் மட்டும் எழும் நமைச்சல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ஒரே சொல்லில் அடைத்ததே நான் செய்த பிழை.

அந்தச் சொல்லின் விலை நம் நாட்டில் சற்று அதிகம். காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசுத் தொழிற்சாலைகள் வைத்து, சட்டப்படி அபினி விளைவித்து உலகுக்கு விற்ற நாடு நம்முடையது. அதே நாட்டில், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வந்தபின், வலியால் துடிக்கும் நோயாளிக்கு மார்ஃபீன் கிடைப்பது அரிதாயிற்று. ஒவ்வொரு மாநிலத்திலும் வெவ்வேறு உரிமங்கள். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். பல மருந்துக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் தொல்லை வேண்டாமென்று அதை வைப்பதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டந் திருத்தப்பட்டு வழி எளிதாயிற்று. ஆயினும் மருத்துவர்களிடமும் மக்களிடமும் ஊறிய அச்சம் சட்டத் திருத்தத்தால் மட்டும் போவதில்லை. அத்தகைய நாட்டில் ஒருவருடைய தாளில் ‘மார்ஃபீன் ஒவ்வாது’ என்று ஒருமுறை எழுதிவிட்டால், நாளை அவர் எலும்பு முறிந்து வந்தாலும், புற்றுநோயுற்றுக் கிடந்தாலும், அந்த வரி வாசலிலேயே நின்று மறிக்கும். எழுதியவர் யார், ஏன் எழுதினார் என்று எவரும் கேட்பதில்லை. தாளில் ஏறிய எழுத்துக்கு அலுவலகத்தில் எத்துணை வலிமை என்பதை அரசாங்கத்தில் வேலை பார்க்கும் எனக்குப் பிறர் சொல்லித் தரவேண்டாம்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இவ்விடத்தில் கூடுதலாக விழித்திருக்க வேண்டியிருக்கிறது. நோயாளி ஒரு மொழி, துணைக்கு வந்த மூதாட்டி ஒரு மொழி, நர்ஸ் வேறொரு மொழி என்று இருக்கையில், இடையில் நிற்பவர் சொல்லும் ஒற்றைச் சொல்லே வரலாறாகிவிடும். ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தாய்மார் சொன்னால் அதனுள் வாந்தியும் அடங்கும், தலைச்சுற்றலும் அடங்கும், நமைச்சலும் அடங்கும். என்ன நேர்ந்தது, எங்கே நேர்ந்தது, தடிப்பு இருந்ததா, மூச்சு எப்படியிருந்தது என்று கேட்டு, அதை அப்படியே சொல்லியிருந்தால் போதும். நான் பொருளைச் சொல்லாமல் தீர்ப்பைச் சொன்னேன்.

மூன்று ஆண்டுகள் சென்று அவள் இரண்டாம் பேற்றுக்குத் தாய்வீடு வந்தாள். தங்கவயலில் இப்பொழுது பெரிய அறுவை என்றால் கோலாருக்கோ பெங்களூருக்கோ செல்பவரே மிகுதி. பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு இம்முறை நானும் உடன் சென்றேன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் இளவயதினர். பழைய தாளைப் புரட்டிச் சிவப்பு வரியைக் கண்டு நிமிர்ந்தார். நடந்ததைச் சொன்னேன்; அந்தச் சொல் என்னுடையது என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவளிடமே திரும்பி, தடிப்பு வந்ததா, உதடு வீங்கிற்றா, மூச்சு அடைத்ததா என்று கன்னடத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். பாட்டி முந்திக்கொண்டு, “மூக்கைத்தான் சொறிஞ்சா சாமி, வேற ஒண்ணும் இல்லை” என்று தமிழில் விடை சொன்னார். டாக்டருக்கு அது விளங்கிற்று. அவர் பேனாவை எடுத்து அந்த வரியை ஒரு கோடிட்டு அடித்து, பக்கத்தில் தேதியிட்டுக் கையொப்பம் இட்டார். அதன்கீழ், ‘முதுகந்தண்டு மார்ஃபீனுக்குப் பின் நமைச்சல், ஒவ்வாமை அன்று, நால்பூஃபீன் தயாராக இருக்கட்டும்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். மறுநாள் காலை பெண் குழந்தை பிறந்தது. மாலையில் அவள் மூக்கைச் சொறியத் தொடங்கியபோது பாட்டி வேப்பிலையைத் தேடவில்லை. மணியை அழுத்தி நர்ஸை அழைத்தார்.